விரிசல் சொல்லும் செய்தி

உரைநடை உலகம்

நுழையும்முன்

இரும்பை உருக்கி வடிக்கக் கற்ற நாளிலிருந்தே, அது எப்போது உடையும் என்னும் கேள்வியும் மனிதனைத் தொடர்ந்து வருகிறது. நம் வீட்டு மின்விளக்கு எரிவதற்குப் பின்னால், மிகுந்த அழுத்தத்தையும் வெப்பத்தையும் தாங்கி நிற்கும் ஆயிரக்கணக்கான உலோகக் குழாய்கள் உள்ளன. அவற்றுள் ஒன்றில் தோன்றும் மயிரிழை போன்ற விரிசலும் மின்னுற்பத்தியை நிறுத்திவிடக்கூடும், உயிர்களையும் பறித்துவிடக்கூடும். அவ்விரிசலைக் கண்டறிந்து, குழாய் உடையும் காலத்தை முன்கூட்டியே கணிக்கும் அறிவியலை இப்பாடம் விளக்குகிறது.

பானையும் படைக்கலமும்

சந்தையில் மண்பானை வாங்கும் முதியவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பானையை ஒரு கையில் தூக்கிப் பிடித்து, மறுகையின் விரல் கணுவால் தட்டிப் பார்ப்பார்கள். ‘கணீர்’ என்று ஒலித்தால் விலை பேசுவார்கள். ஒலி மங்கிக் கேட்டால் பானையைக் கீழே வைத்துவிடுவார்கள். கண்ணுக்குத் தெரியாத கீறல் ஒன்று பானையில் இருக்கிறது என்பதே அவ்வொலி சொல்லும் செய்தி. கீறலின் இரு பக்கங்களும் ஒன்றோடொன்று உரசி அதிர்வின் ஆற்றலைத் தின்றுவிடுவதால் ஒலி நீடிப்பதில்லை. உடைக்காமலேயே ஒரு பொருளின் குறையை அறியும் இம்முறையை அறிவியலாளர் ‘அழிவில்லாச் சோதனை’ என்பர்.

தருமபுரி மண்ணுக்கும் இரும்புக்கும் உள்ள உறவு மிகப் பழையது. முன்பு ஒன்றுபட்ட தருமபுரி மாவட்டத்தில் இருந்து, இன்று கிருட்டிணகிரி மாவட்டத்தில் அடங்கும் மயிலாடும்பாறையில் அகழாய்வு நடைபெற்றது. அங்கு இரும்பு கிடைத்த மண்ணடுக்கின் காலம் கி.மு. 2172 என்பதை 2022-ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு அறிவித்தது. தகடூரை ஆண்ட அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையார், அவனுடைய படைக்கொட்டிலில் நெய் பூசி அழகுற வைக்கப்பட்டிருந்த வேல்களைக் கண்டார். அதியமானின் வேல்களோ நுனி சிதைந்து கொல்லனின் பட்டறையில் கிடக்கின்றன என்றார். போரில் பயன்பட்டமையைக் குறிப்பால் உணர்த்தும் புறநானூற்றுப் பாடல் அது. உழைக்கும் இரும்பு சிதையும் என்பதும், சிதைந்ததைக் கண்டறிந்து செப்பனிட ஒரு பட்டறை தேவை என்பதும் அப்பாடல் வழியே நமக்குக் கிடைக்கும் செய்திகள். இன்றைய மின்நிலையங்களுக்கும் அத்தகைய பட்டறை தேவைப்படுகிறது.

காவிரிக் கரையில் ஒரு கொதிகலன்

பென்னாகரம் வட்டத்தில் ஒகேனக்கல்லில் அருவியாக விழும் காவிரி, சிறிது தொலைவு சென்று மேட்டூர் நீர்த்தேக்கத்தில் கலக்கிறது. நமது அண்டை மாவட்டமான சேலத்தில், அணைக்கு அருகே மேட்டூர் அனல்மின் நிலையம் இயங்குகிறது. 1987 முதல் 1990 வரையிலான ஆண்டுகளில், தலா 210 மெகாவாட் திறனுள்ள நான்கு அலகுகள் அங்கு அமைக்கப்பட்டன. பின்னர் 2013-இல் 600 மெகாவாட் திறனுள்ள மற்றோர் அலகும் சேர்ந்தது.

அனல்மின் நிலையத்தின் செயல்முறை எளியது. நிலக்கரியை எரித்து நீரை ஆவியாக்குகின்றனர். அந்நீராவி சுழலியைச் சுழற்றுகிறது. சுழலி மின்னாக்கியைச் சுழற்றுகிறது. ஆனால், கொதிகலனின் உள்ளே நடப்பது எளியதன்று. அதன் சுவர்கள் செங்கல்லால் ஆனவை அல்ல. நெருக்கமாக நிறுத்தி வைக்கப்பட்ட எஃகுக் குழாய்களே சுவர்களாக அமைகின்றன. குழாயின் வெளியே தீ; உள்ளே நீரும் நீராவியும். 210 மெகாவாட் அலகு ஒன்றில் நீராவியின் அழுத்தம், வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஏறத்தாழ 150 மடங்கு. சுழலிக்குச் செல்லும் நீராவியின் வெப்பநிலை ஏறத்தாழ 540 டிகிரி செல்சியஸ். தீக்கும் நீராவிக்கும் இடையே நிற்பது சில மில்லிமீட்டர் தடிமனுள்ள எஃகுச் சுவர் மட்டுமே.

ஒரு குழாயில் கசிவு தோன்றினால், அதிலிருந்து பீறிடும் நீராவி அரம் போலப் பக்கத்துக் குழாய்களையும் அறுக்கத் தொடங்கும். அலகை நிறுத்தி, கொதிகலனைக் குளிர வைத்து, உள்ளே ஆள் இறங்கிப் பழுது பார்த்து மீண்டும் இயக்கச் சில நாள்கள் ஆகும். அத்தனை நாளும் அந்த அலகின் மின்சாரம் நமக்கு இல்லை. எனவே, குழாய் உடைந்த பின் சரிசெய்வதைவிட, உடையுமுன் அறிவதே சிறப்பு.

தெரியுமா?

1863-இல் கொல்கத்தாவில் நிகழ்ந்த கொதிகலன் வெடிப்பு ஒன்று பல உயிர்களைப் பறித்தது. அதன் விளைவாக 1864-இல் வங்காளத்தில் கொதிகலன்களைச் சோதிப்பதற்கான சட்டம் இயற்றப்பட்டது. நாடு முழுமைக்குமான கொதிகலன் சட்டம் 1923-இல் வந்தது. அதன் இடத்தில் 2025-இல் புதிய சட்டம் இயற்றப்பட்டுள்ளது.

குழாய் நீளவாக்கில் பிளப்பது ஏன்?

தக்காளித் தோட்டத்துச் சொட்டுநீர்க் குழாய் அழுத்தம் தாங்காமல் வெடிக்கும்போது, அது பெரும்பாலும் நீளவாக்கிலேயே கிழிந்திருப்பதைக் காணலாம். குறுக்கே வளையம் போல் அறுபடுவது அரிது. இதற்கான காரணம், இயற்பியல் பாடத்தில் நாம் பயிலும் ‘தகைவு’ என்னும் கருத்தில் அடங்கியிருக்கிறது. ஓரலகுப் பரப்பின்மீது செயல்படும் விசையே தகைவு ஆகும்.

மெல்லிய சுவருள்ள குழாயினுள் அழுத்தம் இருக்கும்போது, அதன் சுற்றளவுத் திசையில் தோன்றும் தகைவைப் பின்வருமாறு கணக்கிடலாம்:

சுற்றளவுத் தகைவு = அழுத்தம் × ஆரம் ÷ சுவர்த் தடிமன்

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். அழுத்தம் 15 மெகாபாஸ்கல். ஆரம் 20 மில்லிமீட்டர். சுவர்த் தடிமன் 5 மில்லிமீட்டர் எனில், சுற்றளவுத் தகைவு 60 மெகாபாஸ்கல். நீளவாக்கில் தோன்றும் தகைவோ அதில் சரிபாதியாகிய 30 மெகாபாஸ்கல் மட்டுமே. இரு மடங்கு இழுவிசை சுற்றளவுத் திசையில் இருப்பதால், குழாய் நீளவாக்கில் பிளக்கிறது. சாம்பல் உரசியோ அரிப்பினாலோ சுவர் பாதியாகத் தேய்ந்தால், தகைவு இரு மடங்காகும் என்பதையும் இச்சமன்பாட்டிலிருந்து அறியலாம்.

நல்ல எஃகு பல நூறு மெகாபாஸ்கல் தகைவைத் தாங்கவல்லது. அவ்வாறாயின், 60 மெகாபாஸ்கலில் இயங்கும் குழாய் உடைவது எங்ஙனம்? இக்கேள்விக்கு விடை தேடப் புகுந்தபோதுதான் ‘முறிவு இயக்கவியல்’ என்னும் துறை பிறந்தது.

முனையில் குவியும் விசை

புதிய துணியைக் கையால் கிழிப்பது கடினம். ஓரத்தில் கத்தரிக்கோலால் சிறிது வெட்டிவிட்டால், எளிதில் கிழிந்துவிடும். வெட்டினால் துணியின் வலிமை குறைந்துவிட்டதா? இல்லை. துணி முழுதும் பரவியிருந்த இழுவிசை, வெட்டின் முனையில் வந்து குவிந்துவிட்டது.

1913-இல் இங்கிலிசு என்னும் ஆங்கிலேயப் பொறியாளர் இதனைக் கணக்கிட்டுக் காட்டினார். ஒரு தகட்டில் நீள்வட்டத் துளை ஒன்று இழுவிசைக்குக் குறுக்காக இருந்து, அதன் நீளம் அகலத்தைப் போல் 10 மடங்கு இருந்தால், துளையின் முனையில் தகைவு 21 மடங்காகும். விரிசல் என்பது அகலமே இல்லாத துளை எனலாம். எனவே, அதன் முனையில் தகைவு அளவின்றிப் பெருக வேண்டும். அப்படியானால் சிறு விரிசல் இருந்தாலும் எப்பொருளும் உடைந்துவிட வேண்டுமே! ஆனால், உலகில் விரிசலுள்ள பொருள்கள் பல உடையாமல் இருக்கின்றனவே!

இம்முரண்பாட்டைத் தீர்த்தவர் கிரிஃபித். கண்ணாடியை ஆராய்ந்த அவர், 1921-இல் வெளியிட்ட கட்டுரையில் இச்சிக்கலை ஆற்றலின் வழியே அணுகினார். விரிசல் வளரும்போது பொருளில் தேங்கியிருந்த மீள்திறன் ஆற்றல் விடுபடுகிறது. புதிய பரப்பை உருவாக்க ஆற்றல் செலவாகிறது. வரவு செலவை மிஞ்சினால் விரிசல் தானே ஓடும்; மிஞ்சாதவரை நின்ற இடத்திலேயே நிற்கும் என்றார். இக்கருத்தை உலோகங்களுக்கு ஏற்ப விரித்துரைத்தவர் அமெரிக்க அறிவியலாளர் இர்வின். உலோகத்தில் விரிசல் முனை சிறிது மழுங்கி, நெகிழ்ந்து கொடுப்பதால் ஆற்றல் மிகுதியாகச் செலவாகிறது. விரிசலை எதிர்த்து நிற்கும் இவ்வியல்பை ‘முறிவு எதிர்ப்புத் திறன்’ என்கிறோம்.

இவ்வாய்வுகளின் பயனாக ஓர் எளிய உறவு கிடைத்தது. ஒரு விரிசல் எந்த நீளத்தை எட்டினால் கட்டுப்பாடின்றி ஓடுமோ, அந்நீளத்தை ‘மாறுநிலை நீளம்’ என்பர். அது, முறிவு எதிர்ப்புத் திறனைத் தகைவால் வகுத்துக் கிடைக்கும் ஈவின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். முறிவு எதிர்ப்புத் திறன் பாதியானால், மாறுநிலை நீளம் பாதியாகாது, கால்பங்காகும். இந்த ‘இருமடி’ என்னும் சொல்லின் கடுமையைப் பின்னர்க் காண்போம்.

விரிசல் வளரும் வழிகள்

விரிசல் ஒரே நாளில் மாறுநிலை நீளத்தை எட்டுவதில்லை. அது வளரும் வழிகள் பல. அவற்றுள் முதன்மையானவை இரண்டு.

ஒன்று, உலோகச் சோர்வு. ஒரு கம்பியை முன்னும் பின்னும் பலமுறை வளைத்தால் அது அறுந்துவிடும். கொதிகலனைத் தொடங்கும்போது குழாய் விரிகிறது, நிறுத்தும்போது சுருங்குகிறது. ஒவ்வொரு தொடக்கமும் நிறுத்தமும் கம்பியை ஒருமுறை வளைப்பதற்கு ஒப்பாகும். 1960-களில் பால் பாரிசு என்னும் அறிஞர், ஒவ்வொரு சுற்றிலும் விரிசல் வளரும் அளவைக் கணிக்கும் விதியைத் தந்தார். எஃகைப் பொறுத்தவரை, தகைவின் ஏற்ற இறக்கம் இரு மடங்கானால், விரிசலின் வளர்ச்சி ஏறத்தாழ எட்டு மடங்காகும். காற்றாலையும் சூரிய மின்சாரமும் பெருகிவரும் இக்காலத்தில், பகலில் அனல்மின் நிலையங்களின் உற்பத்தியைக் குறைத்து மாலையில் கூட்ட வேண்டியிருக்கிறது. எனவே, பழைய கொதிகலன்களில் சோர்வுக் கணக்கு முன்னைவிட இன்றியமையாததாகிறது.

மற்றொன்று, ஊர்வு. மிகுந்த வெப்பத்தில் நெடுங்காலம் சுமை தாங்கும் உலோகம், மிக மெதுவாக நீண்டுகொண்டே செல்லும். அதன் உள்ளே நுண்ணிய வெற்றிடங்கள் தோன்றும். அவை ஒன்றோடொன்று இணைந்து விரிசலாகும். 1952-இல் லார்சன், மில்லர் என்னும் இருவர் வெப்பநிலையையும் வாழ்நாளையும் இணைக்கும் சமன்பாடு ஒன்றை அளித்தனர். அதன்படி, 540 டிகிரி செல்சியசில் 1,00,000 மணி நேரம் உழைக்கவல்ல ஒரு குழாய், அதே தகைவோடு 550 டிகிரியில் இயங்கினால் எவ்வளவு காலம் உழைக்கும் என்று கணக்கிட்டால், ஏறத்தாழ 50,000 மணி நேரம் என விடை வருகிறது. பத்தே டிகிரி வெப்ப மிகுதியால் வாழ்நாள் பாதியாகிவிடுகிறது! குழாயின் உட்புறத்தில் உப்புப் படிவு சேர்ந்தால், வெப்பம் நீருக்குச் செல்வது தடைபட்டு, உலோகத்தின் வெப்பநிலை உயரும். கொதிகலனுக்குச் செல்லும் நீரைத் தூய்மை செய்வதில் மின்நிலையத்தார் காட்டும் கண்டிப்பு இதனால்தான்.

கசிவு முந்துமா? உடைப்பு முந்துமா?

அணுமின் நிலையத்தில் இச்சிக்கல் மேலும் நுட்பமானது. கல்பாக்கத்தில் உள்ள சென்னை அணுமின் நிலையத்தின் இரு உலைகளும் கனநீர் உலைகள். இவ்வகையைச் சேர்ந்த 220 மெகாவாட் உலை ஒன்றில் 306 அழுத்தக் குழாய்கள் கிடைமட்டமாக அமைந்திருக்கும். அவை சிர்க்கோனியம் உலோகக் கலவையால் ஆனவை. அவற்றினுள்ளே யுரேனிய எரிபொருள் இருக்கும். அதன் வெப்பத்தை எடுத்துச் செல்லும் கனநீர், கொதிக்காதவாறு உயர் அழுத்தத்தில் அவற்றினூடே பாயும். ஒவ்வோர் அழுத்தக் குழாயையும் சுற்றி மற்றொரு குழாய் உண்டு. இரண்டிற்கும் இடையேயுள்ள வெளியில் கார்பன் டை ஆக்சைடு வளி சுழன்றுகொண்டிருக்கும். அவ்வளியில் ஈரம் கூடினால், அழுத்தக் குழாய் கசியத் தொடங்கிவிட்டது என்பது பொருள்.

சிர்க்கோனியத்திற்கு ஒரு வலுவின்மை உண்டு. காலப்போக்கில் அது ஹைட்ரஜனை உறிஞ்சிக்கொள்ளும். உறிஞ்சிய ஹைட்ரஜன், தகைவு மிகுந்த விரிசல் முனையை நாடிச் சென்று சேரும். அங்கே எளிதில் நொறுங்கும் சேர்மமாக மாறும். அது நொறுங்க, விரிசல் ஓரடி முன்னேறும். பின்னர் மீண்டும் ஹைட்ரஜன் சேரும், மீண்டும் நொறுங்கும். இவ்வாறு விட்டுவிட்டு வளரும் விரிசலின் வேகம் மிகக் குறைவு என்பது நமக்கு வாய்ப்பான செய்தி.

இவ்வாய்ப்பைப் பயன்படுத்திக்கொள்ளும் கோட்பாடே ‘உடையுமுன் கசிதல்’ என்பது. விரிசல் குழாய்ச் சுவரைத் துளைத்த பின்னும், மாறுநிலை நீளத்தை எட்டச் சிறிது காலம் இருக்குமானால், அக்காலத்திற்குள் கசிவைக் கண்டு உலையை நிறுத்திவிடலாம். விளக்கத்திற்காக ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். சுவரைத் துளைக்கும்போது விரிசலின் நீளம் 20 மில்லிமீட்டர். மாறுநிலை நீளம் 60 மில்லிமீட்டர். விரிசலின் ஒவ்வொரு முனையும் மணிக்கு 0.4 மில்லிமீட்டர் வளர்கிறது எனக் கொள்வோம். இரு முனைகளும் சேர்ந்து மணிக்கு 0.8 மில்லிமீட்டர். எஞ்சிய 40 மில்லிமீட்டர் வளர 50 மணி நேரம் ஆகும். எச்சரிக்கையைக் கேட்டு உலையை நிறுத்த இது போதிய காலம்.

இப்போது, ஹைட்ரஜன் சேர்ந்ததால் அக்குழாயின் முறிவு எதிர்ப்புத் திறன் பாதியாகிவிட்டது எனக் கொள்வோம். மாறுநிலை நீளம் கால்பங்காகி, 15 மில்லிமீட்டராகிவிடும். விரிசலோ 20 மில்லிமீட்டரை எட்டினால்தான் சுவரைத் துளைக்கும். ஆகவே, கசியுமுன்னரே குழாய் உடைந்துவிடும். 50 மணி நேரம் என்னும் கால இடைவெளி முற்றிலும் மறைந்துவிடும். மேலே கண்ட இருமடியின் கடுமை இதுவே.

இது வெறும் ஏட்டுக் கணக்கன்று. கனடா நாட்டின் பிக்கரிங் அணுமின் நிலையத்தில் 1983 ஆகஸ்டு 1 அன்று, இரண்டாம் உலையின் அழுத்தக் குழாய் ஒன்று முன்னறிவிப்பாகக் கசியாமலேயே ஏறத்தாழ 2 மீட்டர் நீளத்திற்குப் பிளந்தது. இரு குழாய்களையும் விலக்கி வைக்க வேண்டிய சுருள்வில் இடம் பெயர்ந்திருந்தது. அதனால் சூடான உட்குழாய் தொய்ந்து, குளிர்ந்த வெளிக்குழாயைத் தொட்டது. தொட்ட குளிர்ந்த இடத்தில் ஹைட்ரஜன் குவிந்து கொப்புளம் போல் திரண்டதே விரிசலுக்கு வித்தாயிற்று. உலை பாதுகாப்பாக நிறுத்தப்பட்டது. அதன்பின் உலகெங்கும் இவ்வகைக் குழாய்களைச் சோதிக்கும் முறைகள் கடுமையாக்கப்பட்டன. கல்பாக்கத்தின் இரு உலைகளிலும் 2000-க்குப் பிந்தைய ஆண்டுகளில் பழைய அழுத்தக் குழாய்கள் அனைத்தையும் அகற்றி, நியோபியம் சேர்ந்த சிர்க்கோனியக் கலவைக் குழாய்களைப் பொருத்தினர். இக்கலவை ஹைட்ரஜனைக் குறைவாகவே உறிஞ்சும்.

ஆயினும், புதிய குழாய் என்பதாலேயே அச்சம் நீங்கிவிடாது. குசராத்து மாநிலத்தின் காக்ராபார் அணுமின் நிலையத்தில் 2016 மார்ச்சு 11 அன்று, முதல் உலையின் அழுத்தக் குழாய் ஒன்றில் விரிசல் கண்டு கனநீர் வெளியேறியது. அக்குழாய்கள் புதிதாகப் பொருத்தப்பட்டு ஏறத்தாழ ஐந்தாண்டுகளே ஆகியிருந்தன. உலை தானாகவே நின்றது. பாதுகாப்பு அமைப்புகள் செயல்பட்டன. ஊழியர் எவருக்கும் தீங்கு நேரவில்லை. எனினும், கசிவை உணரும் அமைப்பு இயங்கிக்கொண்டிருந்தும் முன்கூட்டி எச்சரிக்க இயலவில்லை. குழாயை வெளியே எடுத்து ஆராய்ந்தபோது, அதன் வெளிப்புறத்தில் அரிப்புப் புள்ளிகள் காணப்பட்டன. சோதனைக் கருவிகள் குழாயின் உட்புறமாகச் செல்பவை. விரிசலோ எதிர்பாராத பக்கமாகிய வெளிப்புறத்திலிருந்து தோன்றியிருந்தது. குழாய்கள் அனைத்தும் மாற்றப்பட்ட பின்னர், 2019-இல்தான் அவ்வுலை மீண்டும் மின்சாரம் தந்தது.

காணாததையும் கணக்கில் கொள்ளல்

விரிசலைத் தேடும் கருவிகள் பல. மீயொலிச் சோதனையில், மனிதச் செவிக்கு எட்டாத ஒலியலைகளைக் குழாய்ச் சுவரினுள் செலுத்துவர். விரிசலில் பட்டுத் திரும்பும் எதிரொலி அதன் இடத்தையும் ஆழத்தையும் காட்டும். பானையைத் தட்டிப் பார்த்த விரலின் வளர்ச்சியே இது. சுழல் மின்னோட்டச் சோதனையில், ஒரு கம்பிச்சுருள் உலோகத்தில் சிறு மின்னோட்டங்களைத் தூண்டும். விரிசல் குறுக்கிட்டால் அவற்றின் பாதை மாறும். பற்றவைத்த இணைப்புகளை ஊடுகதிர்ப் படம் எடுத்துப் பார்ப்பர். ஊர்வினால் தோன்றும் நுண்ணிய வெற்றிடங்களைக் காண, குழாயின் புறப்பரப்பை மெருகேற்றி, மெல்லிய ஏட்டில் அச்செடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பர்.

இத்துறையில் தமிழ்நாட்டின் பங்கு குறிப்பிடத்தக்கது. திருச்சிராப்பள்ளியில் உள்ள பாரத மிகுமின் நிறுவனம் கொதிகலன்களை உருவாக்குகிறது. கல்பாக்கத்தில் உள்ள இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில், அதன் இயக்குநராக விளங்கிய பல்தேவ் ராஜ் அழிவில்லாச் சோதனைத் துறையை வளர்த்தெடுத்தார். சென்னை தரமணியில் உள்ள கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையத்தில், மின்நிலையங்களில் பயன்படும் முழு அளவுக் குழாய்களில் வேண்டுமென்றே வெட்டுகள் இட்டு, அவை உடையும்வரை சுமை ஏற்றி ஆராய்ந்தனர். கணக்கு சொல்வதும் குழாய் காட்டுவதும் ஒத்துள்ளனவா என்பதை அறிய இதுவே வழி.

தெரிந்து தெளிவோம்

கல்பாக்கத்தின் 500 மெகாவாட் வேக ஈனுலைக்காக வடிவமைக்கப்பட்ட நீராவி ஆக்கி ஒவ்வொன்றிலும், 23 மீட்டர் நீளமுள்ள 547 எஃகுக் குழாய்கள் உள்ளன. குழாயின் உள்ளே நீர். வெளியே உருகிய சோடியம். இரண்டும் சந்தித்தால் கடும் வேதிவினை நிகழும். ஆகவே, சோடியத்தில் மிகச் சிறிதளவு ஹைட்ரஜன் தோன்றினும் அதனை உணரும் கருவிகள் பொருத்தப்படுகின்றன.

எத்தனை கருவிகள் இருப்பினும், எந்தக் கருவியும் எல்லா விரிசலையும் காட்டிவிடாது. ‘விரிசல் தென்படவில்லை’ என்பதும் ‘விரிசல் இல்லை’ என்பதும் ஒன்றல்ல. ஆகவே, பொறியாளர் பின்வருமாறு சிந்திப்பர்: இக்கருவியின் பார்வைக்குத் தப்பக்கூடிய மிகப் பெரிய விரிசல் எது? அவ்விரிசல் இப்போதே இக்குழாயில் இருப்பதாகக் கொள்வோம். அது மாறுநிலை அளவுக்கு வளர எவ்வளவு காலம் ஆகும்? விடை எட்டாண்டு என வந்தால், அடுத்த சோதனையை எட்டாம் ஆண்டில் வைக்கமாட்டார்கள், நான்காண்டுக்குள் வைப்பார்கள். முதல் சோதனையில் தப்பிய விரிசல், உடையுமுன் மற்றொரு சோதனைக்கு உட்பட வேண்டும் என்பதே நோக்கம்.

குழாயின் சுவர்த் தடிமன், உலோகத்தின் தன்மை, விரிசலின் அளவு ஆகியவை குழாய்க்குக் குழாய் சிறிது மாறுபடும். எனவே, ‘இக்குழாய் இன்ன நாளில் உடையும்’ என்று எவரும் கூறுவதில்லை. இத்தனை குழாய்களுள், இத்தனை ஆண்டுகளில், உடைவதற்கான நிகழ்தகவு இவ்வளவு என்றே கணிப்பர். அந்நிகழ்தகவு ஏற்கத்தக்க வரம்பைத் தாண்டுமுன், குழாயை மாற்றுவதா, அழுத்தத்தைக் குறைத்து இயக்குவதா, சோதனைகளை மிகுதிப்படுத்துவதா என முடிவு செய்வர்.

இம்முடிவு எப்போதும் எளிதாக இருப்பதில்லை. கோடைக்காலத்தில் மின்தேவை உச்சத்தில் இருக்கும்போது ஓர் அலகை நிறுத்திச் சோதிப்பது இழப்பாகத் தோன்றும். ‘இத்தனை நாள் ஓடியது, இன்னும் ஒரு மாதம் ஓடட்டும்’ என்னும் எண்ணம் எழும். விரிசலின் இயல்பை அறிந்தவர்க்கு அவ்வெண்ணத்தின் பிழை புலப்படும். விரிசல் நீள நீள அதன் வேகமும் கூடும். அது தன் வாழ்நாளின் பெரும்பகுதியைச் சிறிதாக இருந்தே கழித்து, இறுதிச் சில நாள்களில் விரைந்து வளர்கிறது. நேற்றுவரை ஓடியது என்பது நாளையும் ஓடும் என்பதற்குச் சான்றாகாது.

கொதிகலனின் அருகே நின்று பணிபுரிவோர் பெரும்பாலும் நம் ஊர்களிலிருந்து செல்லும் தொழிலாளர்கள். 2020 சூலை 1 அன்று நெய்வேலி இரண்டாம் அனல்மின் நிலையத்தின் கொதிகலன் பகுதியில் நேர்ந்த வெடிப்பில் தொழிலாளர் பலர் உயிரிழந்தனர். அதனைக் குழாய் விரிசலோடு சேர்த்து எண்ணலாகாது. எனினும், கொதிகலனில் சிறு கவனக்குறைவிற்கும் இடமில்லை என்பதை அந்நிகழ்வு உணர்த்துகிறது. சோதனைப் பதிவேட்டில் ஓர் ஊழியர் எழுதும் அளவு எண் ஒன்றை நம்பியே பொறியாளர் கணக்கிடுகிறார். அக்கணக்கை நம்பியே மற்றொருவர் கொதிகலனின் அருகே செல்கிறார். அளவை உள்ளவாறு எழுதுதலும், ஐயம் எழுந்தால் தயங்காமல் சொல்லுதலும், சொல்வதைக் கேட்டு இயந்திரத்தை நிறுத்துதலும் இவ்வறிவியலின் பகுதிகளே.

உங்களுள் சிலர் நாளை பற்றவைப்பவராகவோ, கொதிகலன் ஆய்வாளராகவோ, உலோகவியல் அறிஞராகவோ ஆகக்கூடும். அன்று உங்கள் கையில் மீயொலிக் கருவி இருக்கலாம். சந்தையில் பானையைத் தட்டி, ஒலி மங்கியதும் தயங்காமல் கீழே வைத்துவிடும் முதியவரின் தெளிவு அப்போதும் உங்களிடம் இருக்கட்டும்.

சொல்லும் பொருளும்

தகைவு – ஓரலகுப் பரப்பின்மீது செயல்படும் விசை
ஊர்வு – உயர் வெப்பத்தில் உலோகம் மெதுவாக நீளுதல்
உலோகச் சோர்வு – ஏறி இறங்கும் சுமையால் உலோகம் நலிவுறுதல்
மாறுநிலை நீளம் – விரிசல் கட்டுப்பாடின்றி ஓடத் தொடங்கும் நீளம்

கற்பவை கற்றபின்

1. கீறலுள்ள மண்பானை, கீறலற்ற மண்பானை ஆகியவற்றைத் தட்டிப் பார்த்து, ஒலி வேறுபாட்டை வகுப்பறையில் விளக்குக.
2. உங்கள் ஊரில் உள்ள கொல்லர் அல்லது பற்றவைப்புப் பட்டறைக்குச் சென்று, இரும்பில் விரிசலைக் கண்டறியும் முறைகளைக் கேட்டறிந்து, அவர்கள் பயன்படுத்தும் தொழிற்சொற்களைத் தொகுக்க.

மதிப்பீடு

குறுவினா
1. குழாய் நீளவாக்கில் பிளப்பதற்கான காரணம் யாது?
2. ‘விரிசல் தென்படவில்லை’, ‘விரிசல் இல்லை’ – இவ்விரு தொடர்களின் பொருள் வேறுபாட்டை எழுதுக.

சிறுவினா
1. வெப்பநிலை சிறிதளவு உயர்வது குழாயின் வாழ்நாளை எவ்வாறு குறைக்கிறது?
2. பிக்கரிங், காக்ராபார் நிகழ்வுகள் உணர்த்தும் பாடங்களை ஒப்பிடுக.

நெடுவினா
1. ‘உடையுமுன் கசிதல்’ என்னும் கோட்பாட்டையும் அது பொய்க்கும் சூழலையும் எண் கணக்குடன் விளக்கி, பாதுகாப்பில் மனிதரின் நேர்மைக்குள்ள இடத்தை நிறுவுக.